மறு: ஸ்டோயிக்கரின் 'அபாத்தேயா' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

பண்டைய கிரேக்க, ரோமத் தத்துவப் பள்ளியினரான ஸ்டோயிக்கர் இலக்காக வைத்த 'அபாத்தேயா' (பாத்தோஸ் இல்லாத நிலை) என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் 'உணர்ச்சியின்மை' என்றே முடிவாகிவிடுமோ என்ற பயத்தில் எழுதுகிறேன். (ஒலிபெயர்ப்பில் அபாத்தேயா என்றே இருக்கட்டும், 'அப்பாத்தேயா' என்றால் யாரோ அப்பத்தாவைக் கூப்பிடுவது போலிருக்கிறது.)

அந்தச் சொல் நிலைத்துவிட்டால் ஸ்டோயிக்கர் என்றாலே மரக்கட்டைகள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். பாத்தோஸ் என்று அவர்கள் குறித்தது எல்லா உணர்ச்சியையும் அல்ல. தவறான ஒரு மதிப்பீட்டுக்கு மனம் ஒப்புதல் கொடுத்து, அதனால் அறிவின் சொல் கேளாமல் ஓடும் உந்துதலை மட்டும்தான். துயரம், அச்சம், வேட்கை, களிப்பு என்று அதில் நான்கு வகை. ஞானிக்கோ மகிழ்ச்சி உண்டு, நல்விருப்பம் உண்டு, எச்சரிக்கை உண்டு. இவற்றுக்கு எவ்பாத்தேயா என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள்.

ரோம எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ் சொல்லும் கப்பல் கதை இங்கே உதவும். கி.பி. 2ஆம் நூற்றாண்டு, இத்தாலியத் துறைமுகமான புருண்டிசியம் நோக்கிப் போகும் கப்பல், இரவெல்லாம் புயல், உள்ளே தண்ணீர் ஏறுகிறது. பயணிகளில் ஒருவர் பெயர்பெற்ற ஸ்டோயிக்கர். மற்றவர்களைப் போல அலறவில்லை, ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. புயல் அடங்கியதும் ஒரு பணக்காரர், நான் வெளிறவில்லையே, நீங்கள் ஏன் வெளிறினீர்கள் என்று குத்திக்காட்டினார். பிறகு அதே கப்பலில் இருந்த கெல்லியுஸ் பணிவாகக் கேட்டபோது அந்த ஸ்டோயிக்கர் தன் பையிலிருந்து ஸ்டோயிக்க ஆசிரியர் எபிக்டெட்டஸின் உரைத்தொகுதி ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது இதுதான்: திடீர் இடிமுழக்கத்தில் ஞானியின் மனமும் சற்று நடுங்கும், நிறம் மாறும், ஆனால் 'இது அஞ்சத்தக்கது' என்பதற்கு அவன் ஒப்புதல் தரமாட்டான். அந்த முதல் நடுக்கத்துக்கு 'முன்துடிப்பு' என்று வைக்கலாம். 'முன்னுணர்வு' வேண்டாம், அது வரப்போவதை உணர்வது.

நாம் படும் பாட்டை ரோமர்கள் அப்போதே பட்டிருக்கிறார்கள். பாத்தோஸை 'நோய்' என்று பெயர்த்திருக்கலாம், ஆனால் இரக்கத்தையும் கோபத்தையும் யார் நோய் என்பார்கள் என்று ரோமப் பேச்சாளர் சிசரோ 'கலக்கம்' என்ற பொருள் தரும் சொல்லுக்குப் போனார். ரோம ஸ்டோயிக்கரான செனெக்கா தன் 9ஆம் கடிதத்தில், அபாத்தேயாவை நேராக லத்தீனாக்கினால் எதையும் பொறுக்க முடியாதவன் என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வார்கள் என்கிறார்.

அபாத்தேயாவுக்குப் 'பற்றின்மை' சொன்னவருக்கு: நல்ல சொல்தான், ஆனால் துறவு வாடை. ஸ்டோயிக்கர் எல்லாம் துறவிகள் அல்லர்; அவர்களில் ஒருவரான மார்க்கஸ் அவுரேலியுஸ் 161 முதல் 180 வரை ரோமப் பேரரசை ஆண்டவர். 'கலங்காமை' எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை எபிக்யூரியர் என்ற இன்னொரு தத்துவப் பள்ளியினரின் அத்தராக்சியாவுக்கு (மனக்கலக்கமின்மை) விட்டுவைப்போம், அங்கே அச்சாகப் பொருந்தும்.

என் முன்மொழிவு: பாத்தோஸ் – பிறழுணர்ச்சி, எவ்பாத்தேயா – சீருணர்ச்சி, அபாத்தேயா – பிறழுணர்ச்சியின்மை. கடைசியது வாய்க்குள் அடங்கவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். 'மீறுணர்ச்சி' ஏன் கூடாது என்று கேட்பீர்கள். நடப்பவன் நினைத்த இடத்தில் நிற்பான், ஓடுபவனால் முடியாது என்று பழைய ஸ்டோயிக்கத் தலைவர் கிரிசிப்பஸே சொன்னாரே, அது மீறல்தானே? சரிதான், ஆனால் 'மீறு' என்றால் அளவைக் குறைத்தால் போதும் என்றாகிவிடும். அது அரிஸ்டாட்டில் வழிவந்தவர்களின் கட்சி. ஸ்டோயிக்கருக்குப் பிழை மதிப்பீட்டில் இருக்கிறது, அளவில் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் உளச்சிகிச்சைக்கு எபிக்டெட்டஸை முன்னோடியாகச் சொன்னதும் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

அப்புறம், 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவி எவாக்ரியுஸ் இதே அபாத்தேயா என்ற சொல்லை எகிப்தியப் பாலைவனத் துறவிகளின் இலக்காக்கினார். அபாத்தேயா உள்ளவன் ஒன்று கல்லாக இருக்க வேண்டும், இல்லை கடவுளாக இருக்க வேண்டும் என்று கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் சாடினார். நாம் 'உணர்ச்சியின்மை' என்று போட்டால் வழக்கைக் கேட்காமலே ஜெரோம் பக்கம் தீர்ப்பெழுதியதாகும்.

'பிறழாமை' என்று சுருக்கலாமா? பொருள் ரொம்ப விரிந்துவிடுகிறதோ என்று சந்தேகம். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.