ரைசோபாக்டீரியா: வேர் பாக்டீரியா போதுமா?

அண்ணா, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்காக மிளகாய் நாற்றழுகல், வாடல் பற்றி ஓர் ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து இரண்டு பக்கத் துண்டறிக்கை எழுதுகிறேன். வேரில் குடியிருந்து செடிக்கு உதவுகிற ரைசோபாக்டீரியா வரும் இடத்தில் 'வேர் பாக்டீரியா' என்று போட்டிருக்கிறேன். சரிதானா? பெப்பர் என்றிருந்ததை முதலில் 'மிளகு' என்றே எழுதிவிட்டேன். "மொட்டைமாடியில யாருடி மிளகுக்கொடி ஏத்துறாங்க?" என்று அம்மா கேட்டபிறகுதான் உறைத்தது.

*

தங்கச்சி,

'வேர் பாக்டீரியா' வேண்டாம். போன ஆடியில் மாதவரத்தில் என் மாடியில் ஆறு பை மிளகாய் நின்றது. ஒரு செடி, இலை பச்சையாக இருக்கும்போதே மத்தியானத்தில் துவண்டது, சாயங்காலம் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் நிமிரவில்லை. அடித்தண்டை வெட்டி, வெட்டுவாய் மட்டும் நனைகிற மாதிரி கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் பால்நூல் போல வெள்ளையாக ஒன்று கீழே இறங்கியது. வாடல் நோயைக் கொண்டுவரும் ரால்ஸ்டோனியா. அதுவும் பாக்டீரியாதான், வேர் வழியாகத்தான் நுழைகிறது. உன் சொல்லை வைத்தால் திருடனுக்கும் காவல்காரனுக்கும் ஒரே பெயர். போதாததற்கு, பயறு விதையோடு கலக்கும் ரைசோபியத்தையும் ஆட்கள் 'வேர் பாக்டீரியா' என்றே நினைத்துக்கொள்வார்கள்.

ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு. 1978இல் குளோப்பர், ஷ்ராத் என்ற ஆய்வாளர்கள் முள்ளங்கி ஆய்வில் ரைசோபாக்டீரியா என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது, 'வளர்ச்சியைத் தூண்டும்' என்று முன்னால் ஒரு வால் கட்டவேண்டியிருந்தது. நமக்கு அந்த வால் தனியாக வேண்டாம், பெயருக்குள்ளேயே வந்துவிடட்டும்.

'வேர்க்காப்பான்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. காப்பான் என்றால் செடி சாய்ந்தபிறகு பொட்டலத்தைப் பிரித்து ஊற்றுவார்கள். அது மருந்து இல்லையே! ரைசோபாக்டீரியாவில் கடையில் கிடைப்பது சூடோமோனாஸ்; கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி என்று விதைக்கும் முன்பே கலந்தால்தான் வேர் விடும்போதே அதன்மேல் குடியேறும். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் புற ஊதா ஒளியில் மஞ்சள்பச்சையாக மின்னுமே, அந்த நிறமிதான் மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் பிடித்துக்கொள்கிறது. நாற்றை அழுகவைக்கும் பித்தியத்துக்கு இரும்பு கிடைக்காது. செடியும் உள்ளுக்குள் உஷாராகிவிடும். எல்லாமே முதல் நாளிலிருந்து கூட இருந்து செய்யும் வேலை. வழித்துணை என்கிறோம் அல்லவா? அதனால் 'வேர்த்துணை பாக்டீரியா' என்று வைக்கலாம்.

நுண்ணுயிரி என்று மாற்றிவிடாதே. கடையில் பக்கத்திலேயே இருக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சை. அதுவும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும்.

*

அண்ணா,

காரணம் பிடித்தது. ஆனால் எதிர்வீட்டு அக்கா வாய்விட்டுப் படித்தபோது 'வேர்த்து' என்று நிறுத்தி, "யாருக்கு வேர்த்துச்சு?" என்றார். வடசென்னை வெயிலில் அந்தக் கேள்வி நியாயம்தானே! 'வேர்க்கூட்டாளி' ஆகாதா?

*

கூட்டாளி என்றால் வியாபாரத்தில் பங்கு கேட்பவன் மாதிரி இருக்கிறது. (செடி வேர்வழியாகக் கசியவிடும் சர்க்கரையைத் தின்றுதான் இது வாழ்கிறது, அந்த வகையில் நீ சொல்வதும் பொய்யில்லை.) ஆனால் வேர்வை பயம் எதற்கு? வேர்க்கடலையை எழுத்துக்கூட்டிப் பார், அதிலும் 'வேர்க்க' இருக்கிறது. பீச்சில் பொட்டலம் வாங்கும்போது யாராவது துண்டை எடுத்து முகம் துடைக்கிறார்களா?

*

சரி அண்ணா, தோற்றேன். வேர்த்துணை என்றே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் 'வேர்-துணை' என்று நடுவில் கோடு போட்டு. பொட்டலத்தில் சூடோமோனாஸ் என்றுதான் அச்சடித்திருக்கும், அதனால் அந்தப் பெயரும் பக்கத்தில் இருக்கும். தம்ளர் சோதனையையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் மாடியிலும் ஒரு செடி இரண்டு நாளாக மத்தியானத்தில் துவள்கிறது.