சாலிஸ் என்ட்ரோபியில் அந்த ‘க்யூ’ எங்கிருந்து வருகிறது?

வணக்கம். வாயுக்களின் இயக்கவியற் கொள்கையில் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்.

போல்ட்ஸ்மான் 1872-இல் எச்-தேற்றத்தை (மோதல்களால் வாயு சமநிலையை நோக்கியே போகும், என்ட்ரோபி என்ற ஒழுங்கின்மை அளவு குறையாது என்பது) நிறுவும்போது, மோதப்போகும் இரு மூலக்கூறுகளின் திசைவேகங்களுக்கிடையே தொடர்பே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார். அதனால் நிகழ்தகவுகளைப் பெருக்கிவிடலாம். சமநிலையில் எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும் என்று சொல்லும் மேக்ஸ்வெல் பரவல் வந்துவிடும். சரி, அதுவரை புரிகிறது.

1988-இல் இயற்பியலாளர் சாலிஸ் பொதுமைப்படுத்திச் சொன்ன என்ட்ரோபியில் க்யூ என்றோர் எண் சேர்கிறது. அது 1 ஆனால் பழைய போல்ட்ஸ்மான்–கிப்ஸ் என்ட்ரோபியே. 1-ஐத் தாண்டினால் பரவலின் வால் (மிக அதிக வேகங்கள் உள்ள ஓரம்) அடுக்குவிதிப்படி, அதாவது மெதுவாகத் தேய்ந்து, நீள்கிறது. வேகத்தோடு இரைச்சலும் (தற்செயல் உதைப்புகளும்) கூடுகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். இரு அச்சிலும் மடக்கை எடுத்து வரைந்தால் வால் நேர்கோடாக விழுகிறது, க்யூ 1.3 வாக்கில் பொருந்துகிறது. ஆனால் க்யூவை இப்படிப் பின்னால் பொருத்துவது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி இருக்கிறது!

லேசரால் குளிரவைத்த அணுக்களுக்கு, லேசர் உண்டாக்கும் நிலையாற்றல் பள்ளத்தின் ஆழத்திலிருந்தே க்யூவைக் கணக்கிடலாம் என்று இயற்பியலாளர் லுட்ஸ் 2003-இல் காட்டினார். சாதாரணமாக மோதும் வாயுவுக்கு அப்படி ஒரு வழி உண்டா? நிகழ்தகவுகளின் பெருக்கலுக்குப் பதில் க்யூ-பெருக்கலை (க்யூ 1 ஆனால் சாதாரணப் பெருக்கலாகிவிடுவது) போட்டு எச்-தேற்றம் நிறுவுவதைப் பார்த்தேன். விடையை முன்னாலேயே உள்ளே நுழைப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. நான் எதையாவது தவறவிடுகிறேனா? தெரிந்தவர்கள் இரண்டு வரியாவது எழுதுங்கள்.