யூஎஸ்பி-சீரியல் போர்டு: ஜம்பரை 3.3 வோல்ட்டில் வைத்தும் டிஎக்ஸ் முனையில் 5 வோல்ட் வருகிறது

கேள்வி: ஈயப்புகை

வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களின் ஆய்வகப் பயிற்சிக்காகச் சிறிய யூஎஸ்பி-சீரியல் மாற்றி போர்டு ஒன்றைக் கைகேட் என்ற வரைவு மென்பொருளில் வரைந்து, 5 பிசிபிகளை (வெற்று மின்சுற்றுப் பலகைகளை) வரவழைத்துப் பற்றவைத்திருக்கிறேன். மலிவாகவே கடையில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். மாணவர்கள் தம் கையால் பற்றவைத்த போர்டைக் கொண்டே தம் மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. அடுத்து 30 பிசிபிகளுக்கு ஆர்டர் கொடுக்கப் போவதால், அதற்கு முன் இங்குள்ளவர்கள் பார்த்துச் சொன்னால் நல்லது.

யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340ஜி சில்லு, 12 மெகாஹெர்ட்ஸ் படிகம், அதற்கு 22 பிகோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு, யூஎஸ்பி-சி சாக்கெட் ஆகியவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். சில்லு நேரடியாக 5 வோல்ட்டில் இயங்குகிறது. அதன் வி3 முனையில் 100 நானோஃபாரட் மின்தேக்கி உள்ளது. தனியே ஓர் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட் தருகிறது. ஆறு முனை ஹெடரின் விசிசி (மின்வழங்கல்) முனைக்கு 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்பதை ஒரு ஜம்பர் தீர்மானிக்கிறது. யூஎஸ்பி மின்வழியில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வைத்தேன்.

5 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ ப்ரோ மினியுடன் குறையில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் பழைய ஏ-சி கேபிளில் உயிர் பெறும் போர்டு, மடிக்கணினியின் சி துளையில் சி-சி கேபிளால் இணைத்தால் முற்றிலும் அசைவற்றுக் கிடக்கிறது. இன்னொரு சிக்கல் எனக்குப் புரியவே இல்லை. ஜம்பரை 3.3 வோல்ட்டில் வைத்து இஎஸ்பி32 (3.3 வோல்ட் வைஃபை மைக்ரோகண்ட்ரோலர்) மாட்யூல் உள்ள போர்டை இணைத்தேன். விசிசி கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள எல்இடி மங்கலாக எரிகிறது. தகவல் அனுப்பும் டிஎக்ஸ் முனையில் எதையும் இணைக்காமல் அளந்தால் 4.9 வோல்ட் காட்டுகிறது.

யூஎஸ்பி தகவல் செல்லும் டி பிளஸ், டி மைனஸ் தடங்கள் ஏறத்தாழ 20 மி.மீ. நீளம் உள்ளவை. 1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டடுக்கு போர்டில் அவற்றுக்கு 90 ஓம் மின்மறுப்பு கிடைக்கவில்லை என்பதும் கவலையாக இருக்கிறது. பேசாமல் இதே வேலையைச் செய்யும் எஃப்டி232ஆர்எல் சில்லுக்கே மாறிவிடலாமா?

பதில்: பழைய ஆசிலோஸ்கோப்

எல்இடி மங்கலாக எரிவதைக் கவனித்தீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. உங்கள் ஜம்பர் ஹெடரின் விசிசி முனைக்குச் செல்லும் மின்சாரத்தை மட்டுமே மாற்றுகிறது. சில்லு எப்போதும் 5 வோல்ட்டிலேயே இயங்குவதால் அதன் டிஎக்ஸ் வெளியீடும் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது. சீரியல் தொடர்பில் தகவல் எதுவும் செல்லாத வேளையில் கம்பி உயர்நிலையில் இருக்கும் என்பதால், இணைத்த கணம் முதல் அந்த 5 வோல்ட் இஎஸ்பி32-இன் தகவல் பெறும் ஆர்எக்ஸ் முனைக்குள் இடைவிடாமல் பாய்ந்து, முனையின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக அதன் 3.3 வோல்ட் மின்வழிக்குள் புகுந்துவிடுகிறது. விசிசி கம்பியைப் பிடுங்கியும் எல்இடி எரிவது இந்தப் புறவாசல் மின்சாரத்தால்தான். இஎஸ்பி32-இன் முனைகள் 5 வோல்ட்டுக்கானவை அல்ல. இதுவரை பிழைத்திருப்பதை வைத்து வடிவமைப்பு சரி என்று எண்ணிவிடாதீர்கள்.

தீர்வு எளிது. சிஎச்340ஜி 3.3 வோல்ட்டிலும் இயங்கக்கூடியது. அப்போது வி3 முனையையும் (ஹெடரின் அல்ல) சில்லின் விசிசி முனையையும் ஒன்றாக இணைத்து இரண்டுக்கும் 3.3 வோல்ட் தர வேண்டும், அவ்வளவே. ஜம்பர் எந்தப் பக்கம் இருந்தாலும் சில்லு 3.3 வோல்ட்டிலேயே இருக்கட்டும். ப்ரோ மினியில் 5 வோல்ட்டில் இயங்கும் ஏடிமெகா328பிக்கு இது போதுமா என்ற ஐயம் எழலாம். அதன் உள்ளீடு உயர்நிலையாக ஏற்பது மின்வழங்கலின் 0.6 மடங்கு, அதாவது 3.0 வோல்ட். நம்மிடம் 3.3 இருக்கிறது, இடைவெளி குறைவுதான், ஆனால் ஒரு சாண் கம்பியில் எனக்கு இதுவரை தவறியதில்லை. டிஎக்ஸ் வரிசையில் 1 கிலோஓம் மின்தடை ஒன்றையும் சேர்த்துவிட்டால், மின்சாரம் இல்லாத மாட்யூலை இணைத்தாலும் உள்ளே புகும் மின்னோட்டம் 3 மில்லிஆம்பியரைத் தாண்டாது.

சி-சி கேபிளைப் பொறுத்தவரை, சாக்கெட்டில் இணைப்பைக் கண்டறிவதற்கான சிசி1, சிசி2 முனைகளை வெறுமனே விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எதிர்ப்புறம் ஒரு சாதனம் இருக்கிறது என்பதை 5.1 கிலோஓம் மின்தடையைக் கண்டறிந்த பிறகே சி துளை மின்சாரத்தைத் திறக்கும். ஏ துளைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு முனைகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோஓம் வைத்துத் தரைக்கு இணையுங்கள். ஒரே மின்தடையை இரண்டுக்கும் பொதுவாக வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்: 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4-இன் முதல் பதிப்பில் அப்படிச் செய்யப்பட்டிருந்ததால், உள்ளே அடையாளச் சில்லு கொண்ட கேபிள்கள் அதை ஒலிக்கருவி என்று கருதி மின்சாரம் தர மறுத்தன.

பதில்: இரண்டடுக்கு

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அவர் ஒரு பாதியை விட்டுவிட்டார். சில்லை 3.3 வோல்ட்டுக்கு இறக்கிய பின், 5 வோல்ட் ப்ரோ மினி அனுப்பும் தகவல் அதே சிக்கலை எதிர்த் திசையில் உண்டாக்குமல்லவா? சிஎச்340ஜி தன் மின்வழங்கலைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்த உள்ளீட்டைத் தாங்கும் என்று உறுதியளிக்கப்படவில்லை. அந்த 5 வோல்ட்டைக் குறைக்க மின்தடைப் பிரிப்பான் வைத்தால், 3.3 வோல்ட் மாட்யூலை இணைக்கும்போது நிலை மிகவும் தாழ்ந்துவிடும்.

நான் வழக்கமாகச் செய்வது இது: சில்லின் ஆர்எக்ஸ் முனையை 10 கிலோஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு மேலிழுத்து, அதற்கும் ஹெடருக்கும் நடுவில் பிஏடி54 ஷாட்கி டயோடு ஒன்றை, கேதோடு ஹெடர் பக்கம் இருக்குமாறு வைப்பேன். மாட்யூல் தாழ்நிலை அனுப்பினால் டயோடு இழுத்துத் தாழ்த்தும்; உயர்நிலை அனுப்பினால், அது 3.3 ஆனாலும் 5 ஆனாலும், டயோடு தடுத்துவிட, மேலிழுக்கும் மின்தடையே 3.3 வோல்ட்டைக் காட்டும். வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 8.7 மைக்ரோவினாடி என்பதால் 10 கிலோஓமின் மந்தமான ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. 1 மெகாபிட், 2 மெகாபிட் என்று போவதானால் அதை 2.2 கிலோஓமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

90 ஓம் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இந்தச் சில்லு பேசுவது 12 மெகாபிட் வேகத்தில். அதன் சமிக்ஞை ஏறுவதற்கே குறைந்தது 4 நானோவினாடி ஆகிறது. 20 மி.மீ. தடத்தைக் கடக்க ஆகும் நேரமோ ஏறத்தாழ 0.12 நானோவினாடி. இரண்டு தடங்களையும் அருகருகே கொண்டு சென்று, அடியில் தரைத்தளத்தை வெட்டாமல் விட்டால் போதும். அந்தக் கவலையில் செலவிட்ட நேரத்தைச் சாக்கெட்டின் கால்களுக்குச் செலவிடலாம்: கூட்டின் நான்கு கால்களும் துளைவழியாகப் பற்றவைக்கப்படும் வகையையே வாங்குங்கள். மேற்பரப்பில் மட்டும் ஒட்டும் வகை மாணவர் கையில் ஒரு பருவம்கூடத் தாங்காது.

100 மைக்ரோஃபாரட் அதிகம். யூஎஸ்பி 2.0 விதிப்படி சாதனம் மின்வழியில் காட்டக்கூடிய மின்தேக்கம் 10 மைக்ரோஃபாரட் வரைதான். அந்த இடத்தில் 4.7 போதும்.

பதில்: கம்பிக்கட்டு

எஃப்டி232ஆர்எல் நல்ல சில்லு. விசிசிஐஓ என்று தனி முனை இருப்பதால் சமிக்ஞை நிலையை அதுவே பார்த்துக்கொள்ளும், படிகமும் வேண்டாம். ஆனால் விலை பல மடங்கு, போலிகளும் மலிந்திருக்கின்றன. 2014 அக்டோபரில் விண்டோஸ் வழியாக வந்த டிரைவர், போலிச் சில்லுகளின் தயாரிப்பு அடையாள எண்ணைச் சுழியாக மாற்றிவிட, பலருடைய போர்டுகளைக் கணினி அடையாளம் காணாமல் போனது நினைவிருக்கலாம். ஆய்வகத்துக்கு 30 என்றால் நான் சிஎச்340-ஐ விடமாட்டேன். ஜி வகைக்குப் பதில் சிஎச்340சி வாங்கினால் கடிகாரம் உள்ளேயே இருக்கும். படிகமும் இரண்டு மின்தேக்கிகளும் மிச்சம். எட்டுக் கால் சிஎச்340என் இன்னும் சிறியது, ஆனால் அதில் டிடிஆர் என்ற கட்டுப்பாட்டு முனை இல்லாததால் ப்ரோ மினியைத் தானாக ரீசெட் செய்யும் வழக்கமான இணைப்பு கிடைக்காது.

இஎஸ்பி32-க்கும் இதிலிருந்தே மின்சாரம் தருவதானால் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். வைஃபை ஒளிபரப்பும் கணத்தில் அது கேட்கும் மின்னோட்டத்துக்கு, 500 மில்லிஆம்பியராவது தரவல்ல வழங்கல் வேண்டும். ஏஎம்எஸ்1117 அதைத் தரும். ஆனால் உள்ளீடு வெளியீட்டைவிட ஒரு வோல்ட்டுக்கும் மேல் உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், மெல்லிய கேபிளில் 5 வோல்ட் 4.5-ஆகத் தேய்ந்து வந்தால் விளிம்பில் நிற்பீர்கள். ஏபி2112கே ரெகுலேட்டர் அந்த வகையில் பாதுகாப்பானது.

ஆய்வகக் கணினிகளில் உபுண்டு 22.04 இருந்தால் இன்னொன்று: போர்டைச் செருகியதும் சீரியல் துளை தோன்றி உடனே மறைந்தால், உங்கள் பற்றவைப்பைச் சந்தேகிக்க வேண்டாம். பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் சிஎச்340-ஐத் தன் சாதனம் என்று எண்ணிப் பற்றிக்கொள்கிறது. பிரெய்ல் திரை பயன்படுத்துவோர் யாரும் அந்தக் கணினியில் இல்லையெனில் நீக்கிவிடலாம்.

பதில்: ஈயப்புகை

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு ஒரு போர்டில் சில்லின் 16-ஆம் முனைக்கு (விசிசி) செல்லும் 5 வோல்ட் தடத்தைக் கத்தியால் வெட்டி, அதை 4-ஆம் முனையோடு (வி3) சேர்த்து 3.3 வோல்ட்டுக்கு மெல்லிய கம்பியால் இணைத்தேன். டிஎக்ஸ் இப்போது 3.29 வோல்ட் காட்டுகிறது. விசிசி கம்பியைப் பிடுங்கினால் எல்இடி அணைகிறது. ப்ரோ மினியும் 5 வோல்ட்டில் பழையபடியே நிரலை ஏற்கிறது. பிஏடி54 கையில் இல்லாததால் அந்தச் சோதனையின்போது மட்டும் ஆர்எக்ஸ் வரிசையில் 4.7 கிலோஓம் மின்தடையைத் தற்காலிகமாக வைத்தேன்.

சிசி முனைகள் சாக்கெட்டின் அடியில் நெருக்கமாக இருப்பதால் இந்தப் பிசிபியில் மின்தடை சேர்க்க முடியவில்லை. அதைப் புதிய பதிப்பில்தான் பார்க்க வேண்டும். சிஎச்340சி, ஏபி2112கே, டயோடு ஆகியவற்றுடன் திருத்திய வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமை இங்கே இடுகிறேன். 30-க்குப் போகாமல் மறுபடியும் 5 மட்டுமே வரவழைக்கப் போகிறேன்.

பதில்: பழைய ஆசிலோஸ்கோப்

வரைபடம் இடும்போது, ஹெடரின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்ற எழுத்துகள் போர்டின் பார்வையிலா, எதிர்ப்புற மாட்யூலின் பார்வையிலா என்பதையும் பிசிபியிலேயே அச்சிடுங்கள். டிஎக்ஸ் என்பதற்குப் பக்கத்தில் வெளிநோக்கிய அம்புக்குறி ஒன்று போதும்.