யூட்டாவில் மார்மன் குடியேறிகளின் தடத்தில் போனவர்கள் எழுதுங்களேன்

பிரைஸ் கேன்யன், சயான் தேசியப் பூங்காப் படங்கள் இங்கே நிறைய வந்துவிட்டன. நான் கேட்பது வேறு. 1847 முதல் மாட்டு வண்டியிலும் கைவண்டியிலும் வந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடியேறிய மார்மன்களின் (தனித் திருச்சபை கொண்ட ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) பழைய இடங்களை யாராவது தேடிப் போய்ப் பார்த்தீர்களா? முதலில் என் கதை.

போன மே மாதம் டோரி என்ற ஊரிலிருந்து 12ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே வந்தோம். போல்டர் ஊரைத் தாண்டியதும் ஹாக்ஸ்பேக் என்று ஓரிடம். சாலை மலையின் முதுகுத்தண்டு மேலேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புக் கம்பி கிடையாது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டுகிறவனுக்கு அந்த வசதி இல்லை.

எஸ்கலான்டே வருவதற்கு ஐந்து மைல் இருக்கும்போது இடது பக்கம் ஒரு மண் சாலை பிரிகிறது. ஹோல் இன் தி ராக் ரோடு. 1879 நவம்பரில் சுமார் 250 பேர், 83 வண்டிகளோடு இந்தப் பக்கமாகத்தான் சான் ஹுவான் ஆற்றங்கரையில் குடியேறப் புறப்பட்டார்கள். அவர்களாகக் கிளம்பவில்லை. திருச்சபை போகச் சொன்னது, போனார்கள். ஆறு வாரத்தில் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது.

குறுக்கே கொலராடோ ஆறு. ஆற்றில் இறங்க வேண்டுமென்றால் ஆயிரம் அடிப் பாறை. அதில் ஒரு ஆள் ஒடுங்கி நுழையுமளவுக்கு ஒரே ஒரு பிளவு, அதுதான் ஹோல் இன் தி ராக். வாரக்கணக்கில் வெடி வைத்து அதை வண்டி போகுமளவு அகலப்படுத்தினார்கள். கீழே ஓரிடத்தில் வெடிக்கும் வழியில்லை, வெறும் சுவர். பென் பெர்கின்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டுச் சுரங்க வேலை தெரிந்தவர். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஓக் மர முளைகளை அடித்து, மேலே கட்டையும் தழையும் கல்லும் பரப்பி அந்தரத்தில் சாலை போட்டுவிட்டார்! 1880 ஜனவரி 26 அன்று வண்டிகள் இறங்கத் தொடங்கின. பின்சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி, பின்னால் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. வழியில் குழந்தைகள் பிறந்திருக்கின்றன.

இவ்வளவும் படித்துவிட்டு, பிளவைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று போனேன். சாலை முழுக்கத் தகர ஷீட் மாதிரி வரிவரியாக மேடு பள்ளம், பல் கடகடவென்று ஆடியது. 37ஆவது மைல் வாக்கில் டான்ஸ் ஹால் ராக் வந்தது. மணற்பாறை அரைவட்டமாகக் குடைந்து, இயற்கையே மேடை கட்டி வைத்தது போல் இருக்கிறது. பிளவில் வேலை நடந்த நாட்களில் இங்கே முகாமிட்டவர்கள், மாலையில் பிடில் வாசிக்க ஆடினார்களாம். டிசம்பர் குளிரில்! என் மகள் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தாள், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கடைசிச் சில மைல்களுக்கு உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். எங்களுடையது வாடகைக்கு எடுத்த தாழ்வான செடான் கார். திரும்பிவிட்டோம்.

மறுநாள் வந்த வழியே டோரிக்குப் போய், ஊரைச் சுற்றி ஐந்து மணி நேரம் ஓட்டி பிளஃப் சேர்ந்தோம். அந்த வண்டிக்காரர்கள் ஏப்ரல் 6 அன்று வந்து நின்ற ஊர். பழைய மரக் கோட்டையைத் திருப்பிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே தொண்டு செய்யும் ஒரு பாட்டியின் முன்னோரும் அதே கூட்டத்தில் வந்தவர்களாம். "இன்னும் இருபது மைல் போய் மான்டெசூமா க்ரீக்கில் இறங்க வேண்டியது. இங்கே வந்ததும் யாருக்கும் நடக்கத் தெம்பில்லை. அதனால்தான் இங்கே ஊர்" என்று சிரித்தார். நான் 'மார்மன்' என்றபோது கோபப்படாமல் திருத்தினார். திருச்சபையின் முழுப் பெயரைச் சொல்லும்படி 2018இல் அவர்களுடைய அப்போதைய தலைவர் கேட்டுக்கொண்டாராம். முழுப் பெயர் நீளம். நான் இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன்.

மறுமொழி 1

சார், பேங்குவிச் ஊரை விட்டுவிட்டீர்களே! பிரைஸ் போகும்போது அங்கே ஒரு ராத்திரி தங்கினோம். விடுதி வரவேற்பறைச் சுவரில் பெரிய குயில்ட், அதாவது ஒட்டுத்துணி தைத்த கனமான போர்வை. விடுதிக்கார அம்மாவிடம் அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னேன், அரை மணி நேரம் கதை கேட்க வேண்டியதாயிற்று.

1864இல் குடியேறிய முதல் வருடமே பயிர் பனியில் கருகிவிட்டது. குளிர்காலத்தில் மாவு தீர்ந்து பட்டினி. மலைக்கு அந்தப் பக்கம் பாரோவனில்தான் மாவு கிடைக்கும். ஏழு பேர் கிளம்பினார்கள். பனி ஆழத்தில் மாடும் வண்டியும் நகரவில்லை, அவற்றை விட்டுவிட்டு நடந்தார்கள், இடுப்பளவு புதைந்தது. ஜெபம் செய்யக் குயில்ட்டை விரித்து முட்டி போட்டபோது அது மட்டும் புதையாததைக் கவனித்தார்கள். அப்புறம் ஒன்றை விரிப்பது, அதில் நடப்பது, அடுத்ததை விரிப்பது, பின்னால் கிடப்பதை எடுத்து முன்னால் போடுவது. இப்படியே மலை தாண்டி மாவோடு திரும்பினார்கள். ஜூன் மாதம் இதற்கென்றே அங்கே விழா நடக்கிறது.

என் கணவர் இன்ஜினியர். "எடை பரவுகிறது, அவ்வளவுதான்" என்றார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

மறுமொழி 2

நல்ல கதைகள்தான். ஆனால் செயின்ட் ஜார்ஜிலிருந்து 18ஆம் எண் சாலையில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் மவுன்டன் மெடோஸ் என்ற புல்வெளி இருக்கிறது, அங்கேயும் போங்கள். ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக் கூட்டத்தை 1857 செப்டம்பர் 11 அன்று மார்மன் படையினர் வெள்ளைக் கொடி காட்டி வெளியே வரவழைத்துக் கொன்றார்கள். சுமார் 120 பேர். பேச வராத வயதுக் குழந்தைகள் 17 பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். பழியைப் பையூட் பழங்குடியினர் தலையில் போடப் பார்த்தார்கள். இருபது வருடம் கழித்து ஜான் லீ என்ற ஒருவருக்கு மட்டும் தண்டனை, அதே புல்வெளியில் சுட்டுக் கொன்றார்கள்.

நான் போன அன்று யாருமே இல்லை. கல் குவியல், கொடிக்கம்பம், காற்று. கார் கதவைச் சாத்தும் சத்தமே பெரிதாகக் கேட்டது.

மறுமொழி 3

கேபிடல் ரீஃப் தேசியப் பூங்கா உள்ளே ஃப்ரூட்டா என்ற சின்னக் கிராமம். பத்துக் குடும்பம்தான் வாழ்ந்தது. அவர்கள் வாய்க்கால் வெட்டி வளர்த்த பழத்தோட்டம் இன்னும் காய்க்கிறது. பருவத்தில் மரத்தடியில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், வீட்டுக்கு எடுத்தால் மட்டும் காசு. அங்கே கிஃபர்ட் குடும்பத்தின் பழைய வீட்டில் பழம் வைத்துச் சுட்ட பை (pie) பலகாரம் விற்பார்கள், மத்தியானம் போனால் கிடைக்காது. பக்கத்துப் பாறையில் ஃப்ரீமான்ட் மக்கள் செதுக்கிய உருவங்கள் உண்டு, அவர்கள் மார்மன்களுக்குப் பல நூறு வருடம் முந்தியவர்கள்.

பதிவிட்டவர்

மவுன்டன் மெடோஸ் பற்றிப் படித்திருந்தும் பிளஃப் பாட்டியிடம் கேட்கத் தோன்றவில்லை. அவர் தந்த குக்கீயை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எப்படிக் கேட்பது என்று இருந்திருக்கலாம், தெரியவில்லை.

அக்டோபரில் ஜீப் வாடகைக்கு எடுத்து, விட்டுப்போன இருபது மைலைப் போய்விடலாம் என்று இருக்கிறேன். சேர்ந்து வருகிறவர்கள் சொல்லுங்கள். முந்தின நாள் மழை பெய்தால் பயணம் கிடையாது. அந்த மண் நனைந்தால் டயரை விடாது.