சைலன்சர் சிவக்கச் சிவக்கச் சூடாகிறது, அவசரம்

அரைக்கிளட்ச்:
வணக்கம். என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சைலன்சர் பயங்கரமாகச் சூடாகிறது. இரவு ஓட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தால் சிவப்பாகத் தெரிகிறது. கால் வைக்கும் இடம்கூடச் சுடுகிறது. ஆனால் டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. என்ன காரணம்? சீக்கிரம் சொல்லுங்கள், நாளைக்கு வண்டி வேண்டும்.

எண்ணெய்க்கை:
என்ன கார், எந்த வருடம்? கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? சிவப்பு எந்த இடத்தில்? இன்ஜினை ஒட்டிய புகைக்குழாயான மேனிஃபோல்டிலா, நடுவில் புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டரிலா, பின்னால் டப்பாவிலா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

வால்வுச்சத்தம்:
லீன் கலவை, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சந்தேகமே வேண்டாம். எங்கோ காற்று உறிஞ்சுகிறது, இன்டேக் ஹோஸ்களைப் பாருங்கள்.

மூத்தகுடி:
"பழைய ஸ்போர்ட்ஸ் கார்" என்று எந்தக் கம்பெனியும் மாடல் விட்டதில்லை தம்பி. டாக்டரிடம் போய் "எனக்கு வலிக்கிறது" என்று மட்டும் சொல்வீர்களா? இங்கே இதே கேள்வி ஆயிரம் முறை வந்தாயிற்று, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

அரைக்கிளட்ச்:
மாஸ்டா எம்எக்ஸ்-5, 1990, 1.6 இன்ஜின். மேனிஃபோல்டு நன்றாகச் சிவக்கிறது, கன்வெர்ட்டர் லேசாக. இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்துப் பார்த்தேன், 310 டிகிரிதான் காட்டுகிறது. அப்படியானால் பரவாயில்லையா?

எண்ணெய்க்கை:
அந்த 310-ஐ நம்பாதீர்கள். இரும்பு, எஃகு எதுவானாலும் இருட்டில் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிய ஆரம்பிப்பதே 525 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான். பளபளப்பான உலோகத்தில் அந்தத் துப்பாக்கி குறைத்துத்தான் காட்டும். கறுத்துத் துருப்பிடித்த இடத்தில் வைத்துப் பாருங்கள், எண் எகிறும்.

இன்னொன்று. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு உடனே இருட்டில் பார்த்தால் மேனிஃபோல்டு மங்கலாகச் சிவந்திருப்பது பெரிய அதிசயம் இல்லை. சும்மா ஐடிலில் நிற்கும்போதும் சிவக்கிறதா? அதுதான் கேள்வி.

அரைக்கிளட்ச்:
ஐடிலில் கொஞ்ச நேரம் விட்டாலே சிவக்கிறது. பிக்கப்பும் இல்லை, மந்தமாக இருக்கிறது.

பிளக்புகழ்:
அப்போ மிஸ்ஃபயர், ஏதோ சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது. இந்த வண்டியில் பிளக் ஒயர்தான் முதலில் போகும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. பொறிக்கு மின்சாரம் தரும் காயில் பேக்கையும் பாருங்கள். அதில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும். ஒன்று போனால் 1, 4 சேர்ந்து படுக்கும், இல்லையென்றால் 2, 3. இருட்டில் பானட்டைத் திறந்து வைத்து ஒயர்களில் நீலப்பொறி தாவுகிறதா என்று பாருங்கள்.

எண்ணெய்க்கை:
மிஸ்ஃபயர் என்றால் கன்வெர்ட்டர்தான் மேனிஃபோல்டைவிட அதிகம் சிவக்க வேண்டும். இவருக்கு நேர்மாறாக இருக்கிறதே. கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம், அல்லது டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கியிருக்கலாம். சமீபத்தில் ஏதாவது வேலை பார்த்தீர்களா நண்பரே?

வால்வுச்சத்தம்:
லீன் என்று நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. லீனாக எரிந்தால் சூடு ஏறும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூத்தகுடி:
சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் வெப்பம் உச்சத்துக்குப் போவது எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கலவைக்குப் பக்கத்தில். அதைத் தாண்டி இன்னும் லீன் ஆக்கினால் வெப்பம் இறங்கத்தான் செய்யும். பெட்ரோலைக் கூட்டி ரிச் ஆக்கினாலும் இறங்கும்.

வால்வுச்சத்தம்:
அப்படியென்றால் லீனில் ஓடிய இன்ஜின்களில் பிஸ்டன் ஓட்டையானது எப்படி ஐயா? நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூத்தகுடி:
அது முழு லோடில், கலவை நேரம் தப்பி வெடிக்கிற நாக்கிங் வந்து ஓட்டையானது. ஐடிலில் நிற்கிற வண்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? புத்தகம் படியுங்கள்.

சாயங்காலச்சவாரி:
சண்டைக்கு நடுவில் ஒரு யோசனை. மேனிஃபோல்டுக்கு வெப்பத்துணி சுற்றிவிட்டால் கால் சுடாது. என் வண்டியில் சுற்றியிருக்கிறேன், சூப்பர்.

பிளக்புகழ்:
தயவுசெய்து வேண்டாம். காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற கதை. சூடு உள்ளேயே அடைபட்டுக் குழாய் இன்னும் வேகும், துணியில் ஈரம் தங்கித் துருவும் பிடிக்கும்.

சாயங்காலச்சவாரி:
பந்தய வண்டிகளில் எல்லாம் சுற்றுகிறார்களே, அவர்கள் என்ன முட்டாள்களா?

பிளக்புகழ்:
பந்தய வண்டிக்குக் குழாய் ஒரு சீசன் தாங்கினால் போதும்.

அரைக்கிளட்ச்:
வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. டைமிங் பெல்ட் மட்டும் மாற்றினோம். அதற்கு அப்புறம்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கிறேன்.

எண்ணெய்க்கை:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே சார்!

டைமிங் பின்தங்கினால் பொறி தாமதமாக விழும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிற நேரத்திலும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தி மேனிஃபோல்டைச் சூடேற்றப் போய்விடும். மந்தம், ஐடிலிலேயே சிவப்பு, முள் நடுவில், எல்லாம் இதற்குப் பொருந்துகிறது.

டைமிங்கை எப்படி வைத்தார்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பானட்டுக்குள் இருக்கும் டயக்னோஸ்டிக் பெட்டியில் டி.இ.என்., ஜி.என்.டி. என்ற இரண்டு முனைகளையும் ஜம்பர் ஒயரால் இணைத்துவிட்டுத்தான், பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லிக் குறியில் அடிக்க வேண்டும். இணைக்காவிட்டால் இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. தன் இஷ்டத்துக்கு டைமிங்கை முன்னே பின்னே தள்ளிக்கொண்டிருக்கும், லைட்டில் தெரிவது உண்மையான அடிப்படை டைமிங் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைத்து, ஐடில் 850 ஆர்.பி.எம். வாக்கில் இருக்கும்போது 10 டிகிரி பி.டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால், இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட்டின் பின்பக்கம் இருக்கும், கேம் ஷாஃப்ட்டின் நிலையை அறியும் கேம் ஆங்கிள் சென்சாரின் போல்ட்டைத் தளர்த்தி மெல்லத் திருப்புங்கள்.

மூத்தகுடி:
அவசரப்பட்டுச் சென்சாரைத் திருப்பாதீர்கள். 1990 என்றால் குட்டை மூக்கு கிராங்க், அதாவது புல்லி மாட்டும் முனை குட்டையான கிராங்க் ஷாஃப்ட். பெல்ட் வேலையில் நடு போல்ட்டைக் கழற்றிச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால் புல்லியைப் பூட்டும் சாவிப்பள்ளம் தேய்ந்து டைமிங் தானாகப் பின்னால் போகும். இன்ஜின் ஓடும்போது கிராங்க் புல்லி ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். லைட்டில் குறி ஒரே இடத்தில் நிற்காமல் அலைந்தால் கதை வேறு. பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் சென்சாரைத் திருப்பி மறைக்கத்தான் முடியும், சரியாகாது. கவரைக் கழற்றிக் கேம் புல்லியின் ஐ (இன்டேக்), இ (எக்ஸாஸ்ட்) குறிகளைச் சரிபாருங்கள்.

எண்ணெய்க்கை:
இதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் புல்லி, அப்புறம் குறிகள், கடைசியில் சென்சார். அதுவரை காய்ந்த புல் மேல் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

வால்வுச்சத்தம்:
ஹோஸ்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரைக்கிளட்ச்:
டைமிங்தான். புல்லி ஆடவில்லை, குறிகள் சரி. ஜம்பர் போட்டுப் பார்த்தால் 2 டிகிரிதான் இருந்தது, 10-க்கு வைத்தாயிற்று. சிவப்பு போய்விட்டது, வண்டி நன்றாக இழுக்கிறது. நன்றி.

எண்ணெய்க்கை:
மகிழ்ச்சி. ஆனால் அவ்வளவு சூட்டில் ஓடிய கன்வெர்ட்டர் உள்ளே உடைந்திருக்கலாம். வண்டி ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் வருகிறதா? ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் அடைப்பும் தெரியும். 2500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பிளக்புகழ்:
ஆள் வருவார் என்று நினைக்கிறீர்களா? வண்டி ஓடுகிறதல்லவா, அவ்வளவுதான்.

சாயங்காலச்சவாரி:
என் வெப்பத்துணிக்கு இன்னும் பதில் வரவில்லை. ஈரம் தங்கும் என்கிறீர்கள், தினமும் ஓட்டினால் காய்ந்துவிடாதா?