பார்பரா கார்டன் மறுபடி பேட்கேர்ளாக வந்தது உங்களுக்கு எப்படி இருந்தது?

கேள்வி:
எட்டு வருடமாக நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். பேட்மேன் காமிக்ஸில் முதலில் பேட்கேர்ள் என்ற முகமூடி நாயகியாகவும், பிறகு சக்கர நாற்காலியில் ஆரக்கிள் என்ற பெயரிலும் இருந்த பார்பராதான் என்னை காமிக்ஸுக்குள் இழுத்து வந்தவள். 1988இல் வில்லன் ஜோக்கர் சுட்டு அவள் கால்கள் செயலிழந்ததோடு அவள் கதையை முடிக்காமல், எழுத்தாளர்கள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவளைத் தகவல் திரட்டுவதில் கில்லாடியாக்கினார்கள். பேட்மேனே அவளிடம் கேட்டுத்தான் நகர்வார்! 2011இல் பதிப்பகமான டிசி தன் கதைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியபோது, அவள் கால் குணமாகி மறுபடி பேட்கேர்ளாகக் கூரை தாவினாள். இதழை மூடிவிட்டு ஒரு வாரம் தொடவில்லை. கோபமில்லை, என் ஆள் ஒருத்தி போய்விட்ட துக்கம்.

பதில் 1:
உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் அந்த 2011 தொடரை எழுதியது கெயில் சிமோன், ஆரக்கிளையும் பல வருடம் எழுதியவர். முதல் இதழில் வில்லன் துப்பாக்கியை அவள் பழைய காயத்துக்கு நேராக நீட்டியதும் உறைந்து நிற்கிறாளே, அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கால் சரியானாலும் பயம் போகவில்லை.

பதில் 2:
எனக்குப் பிடித்தது 2014இல் வந்த புது பேட்கேர்ள் உடைதான். மஞ்சள் பூட்ஸ், தோல் ஜாக்கெட், பட்டன் போட்டு மாட்டும் கேப். தானே தைத்துக்கொண்ட மாதிரி உடை! என் மகள் அதைப் பார்த்துத்தான் படிக்கவே ஆரம்பித்தாள்.

கேட்டவர்:
அந்தப் பக்கத்தை இப்போது திரும்பப் பார்த்தேன். அவள் உறைந்து நிற்பது எனக்குத் தெரிந்த பயம்தான். சரி, மிச்சத்தையும் படிக்கிறேன். ஆனால் நாற்காலியில் ஒரு நாயகி இன்னும் வேண்டும்.