கரடி நடமாடும் மலைப்பாதை: சாப்பாட்டை எங்கே வைப்பது?

கேள்வி: அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஜான் மியூர் மலைநடைப் பாதை முழுவதும், கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர், நடக்கப் போகிறேன். சாப்பாட்டுப் பையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதாதா? கரடியால் திறக்க முடியாத, சாப்பாடு வைக்கும் கெட்டியான கரடி டப்பாவே ஒரு கிலோ கனக்கிறதே.

பதில் 1: போதாது. அந்தப் பாதை கடந்துபோகும் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் காட்டுப் பகுதியில் தொங்கவிட அனுமதியே இல்லை, டப்பா கட்டாயம். அங்குள்ள கருங்கரடிகள் கட்டிய கயிற்றைக் கடித்தே பையைக் கீழே இறக்கிவிடும், அவ்வளவு விவரம். பற்பசை, சன்ஸ்கிரீன், மிட்டாய் சுற்றிய தாள் வரை வாசனையுள்ள எல்லாம் டப்பாவுக்குள் போகட்டும், அப்புறம் மூடியைப் பூட்டி, கூடாரத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி, உருண்டு ஓடையில் விழாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

கேட்டவர்: சரி. பாய்ந்து வரும் கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்க் கரடி ஸ்ப்ரே கொண்டுபோகலாமா?

பதில் 2: யோசெமிட்டியில் தடை. அதெல்லாம் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி இருக்கும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கம். அங்கேயும் ஸ்ப்ரேயைப் பைக்குள் புதைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள்.